விரிப்பு மடிக்கையில் பேசியது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்து, சால்வை போர்த்தி, பேசச் சொன்னீர்கள். ஏதோ பேசினேன். முடிந்து படியிறங்கும்போது, அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து கேட்டாள். "ஸ்ட்ரைக்குன்னா எப்டிங்க சார் இருக்கும்? நாள் பூரா கத்திக்கினே இருக்கணுமா?"

வண்டிக்கு நேரமாகிவிட்டதால் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். மலையிறங்கிப் போளூர் வருவதற்குள் அந்தக் கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கத்துவதெல்லாம் கொஞ்ச நேரம்தானம்மா. மீதிப் பொழுது முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். ஹோட்டல் வேலை செய்கிற உடம்பு சும்மா இருந்து பழகியதில்லை. நாம் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்போம். உள்ளே தோட்டத்தில் யாரோ மூடாமல் விட்ட குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். எழுந்து போய் மூடக் கை துடிக்கும். மூடக் கூடாது. கொடியில் காய்ந்த துணி காற்றில் நழுவி மண்ணில் விழும். எடுக்கக் கூடாது. அப்படி உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்து இன்றைக்கு நான் ஏங்குகிறேன் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கலசப்பாக்கத்துக்காரன். சென்னையில் பல ஹோட்டல்களில் பரிமாறி, மனைவி போன பிறகு ஊர்ப்பக்கம் வந்து, நம் ஹோட்டலில் ரெஸ்டாரண்ட் கேப்டனாகச் சேர்ந்தேன். அப்போது சரிவில் இருக்கும் காட்டேஜ்கள் பாதிதான் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் காவலூர் தொலைநோக்கி நிலையத்துக்கும் வானம் பார்க்கவும் வருகிற கூட்டம் அப்போதே இருந்தது. ராத்திரி நட்சத்திரம் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்கள் காலையில் வெயில் ஏறித்தான் எழுவார்கள். அதனால் மற்ற ஹோட்டல்களில் டிபனை மூடுகிற நேரத்தில்தான் நாங்கள் இட்லி ஊற்றவே ஆரம்பிப்போம்.

வேலையாட்கள் இரண்டு வகையாக இருந்தோம். ரெஸ்டாரண்ட், சமையல், ரிசப்ஷன் எல்லாம் என்னைப் போல் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர்கள்; நிரந்தரம். சலவை, அறைகள், தோட்டம் எல்லாம் மலைக்காரர்கள். கொரோனா முடிந்து ஹோட்டல் திறந்தபோது அவர்களை மட்டும் ஒரு காண்ட்ராக்டரின் கீழ் கொண்டுபோய்விட்டார்கள். செய்கிற வேலை அதேதான், உடுத்துகிற சீருடையும் அதேதான். ஆனால் மதியம் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்கள் உட்காருவார்கள். அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. அப்படியே பழகிப்போயிருந்தது.

சலவைப் பிரிவின் பெரியாள் பச்சையம்மா. மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கணவர் கேரளத்துக்குக் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அதைப் பற்றி யாராவது அனுதாபமாகப் பேச்செடுத்தால், "அங்க குளிராம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அவருக்குக் கீழே வேலை செய்தவள் மல்லிகா. இன்று லினன் ரூமுக்குப் பொறுப்பாக இருக்கிறாளே, நீங்கள் துண்டும் விரிப்பும் வாங்கப் போகும்போது இடது கையாலேயே எல்லாம் எடுத்துத் தருகிறாளே, அதே மல்லிகாதான். அப்போது கல்யாணமாகாத பெண்.

ஈரமான படுக்கை விரிப்பை உள்ளே விட்டால் தேய்த்து வெளியே தள்ளும் சூடான உருளை மெஷின் ஒன்று சலவையில் இருக்கிறது. கை அருகே போனால் மெஷினை நிறுத்திவிட அதன் முன்புறம் ஒரு கம்பி உண்டு. அந்தக் கம்பி உடைந்து கிடந்தது. பச்சையம்மா பல தபா சொல்லியும் மாற்றவில்லை. ஒருநாள் மதியம் நான் டேபிள் துணி வாங்கப் போய்க் கதவருகே நின்றிருந்தேன். மல்லிகாவின் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பச்சையம்மா பாய்ந்து சுவிட்சை அணைத்திருந்தார். ஆனாலும் வலது கை உள்ளே போய்விட்டது.

வாசலில் ஹோட்டல் கார்கள் நின்றிருந்தன. பச்சையம்மா மல்லிகாவின் கையை ஈரத் துணியால் சுற்றி, அவளை அணைத்தபடி ரிசப்ஷனுக்கே வந்துவிட்டார். மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க காண்ட்ராக்ட் ஆளுங்களாம். காண்ட்ராக்டரத்தான் கூப்பிடணுமாம்."

பச்சையம்மா வாதாடவில்லை. அங்கே நின்று வாதாடியிருந்தால் நேரம் போயிருக்கும். நேராக ரோட்டுக்கு நடந்தார். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. நடுவில் போய் நின்றுவிட்டார். டிரைவர் பார்த்தான், பழங்களை இறக்கி நம் ஹோட்டல் பெயர்ப்பலகைக்குக் கீழே உருட்டிவிட்டு, இருவரையும் ஏற்றிக்கொண்டு போனான். மறுநாள்வரை அந்தப் பலாப்பழங்கள் அங்கேயே கிடந்தன. உள்ளே வந்த விருந்தினர்கள் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பச்சையம்மா ரெஸ்டாரண்டின் பின்கதவுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல் இருந்தது.

"கேப்டன், ஒண்ணு கேக்கணும். மல்லிகா தொவைச்ச துணியதான தெனிக்கும் டேபிள்ல விரிக்கிறீங்க?"

"ஆமா பச்சையம்மா."

"அந்தத் துணியில சாப்புட்றவங்க ஓட்டலுக்குத்தான வர்றாங்க? காண்ட்ராக்டரு வூட்டுக்கு வர்லியே?"

"இல்ல."

"அப்ப மல்லிகா யாரு ஆளு?"

 பதிலுக்கு அவர் நிற்கவில்லை. துணிக்கட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். நம் சங்கம் எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் கேட்டால், பதிவு செய்த தேதியை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பின்கதவுதான்.

ஹோட்டல் முழுக்கக் கேமரா. நான்கு பேர் ஓரிடத்தில் நின்றாலே செக்யூரிட்டி வந்து விசாரிப்பான். ஆனால் பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், இல்லையா? ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நீட்டி உதறி, நடந்து நெருங்கி, முனையோடு முனை சேர்த்து, பிறகு விலகிப் போக வேண்டும். நெருங்குகிற அந்தக் கணத்தில் ஒரு வாக்கியம் சொல்லலாம். அடுத்த நெருக்கத்தில் அதற்குப் பதில் கிடைக்கும். கேமராவில் பார்த்தால் விரிப்பு மடிக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படித்தான் பேசினோம். டேபிள் துணி வாங்கப் போகிற சாக்கில் நான் தினமும் சலவைக்குப் போனேன். ஒருவர் பின் ஒருவராக என் ஆட்களையும் அனுப்பினேன்.

எங்களில் மசியாதவன் சேகர். கீழ்நாட்டுப் பையன், நல்ல வெயிட்டர், அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. "எனக்குப் பர்மனெண்ட்டு வேல. நா எதுக்கு இதுல வரணும்?" என்று என்னிடமே வெட்டிப் பேசினான். நான் பக்கம் பக்கமாக விளக்கினேன். பேசப் பேச அவன் முகம் இறுகியது. பச்சையம்மாவிடம் சொன்னேன். "ரொம்பப் பேசாதீங்க கேப்டன். துணி எடுத்தார அனுப்புங்க" என்றார்.

அனுப்பினேன். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பச்சையம்மா ஒரு விரிப்பின் முனைகளை அவன் கையில் கொடுத்தார். நெருங்கி வரும்போது, "நாளைக்கு உங்களியும் காண்ட்ராக்ட்டுல தள்ளிட்டா யாரு வருவாங்க தம்பி?" என்று கேட்டார். விலகினார்கள். மறுபடி நெருங்கும்போது அவன் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கட்டு முழுக்க அப்படியே பேசாமல் மடித்தார்கள். மறுநாள் நான் சொல்லாமலேயே சேகர் சலவைக்குப் போனான்.

ஆள் சேர்க்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். கேள்வியைக் கேட்டுவிட்டால், பதில் வர இடம் விட வேண்டும். அந்த இடத்தையும் நாமே பேசி நிரப்பிவிட்டால் அவன் நமக்குத் தலையாட்டுவான், கூட நிற்கமாட்டான்.

நாங்கள் கேட்டவை பெரிதாக ஒன்றும் இல்லை. சலவை, அறை, தோட்டம் எல்லாரும் ஹோட்டல் ஆட்கள் என்று எழுத வேண்டும். மல்லிகாவுக்கு வைத்தியமும் அவளால் முடிகிற வேலையும் தர வேண்டும். மெஷினைச் சரி செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை எல்லாருக்கும் வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து ஒரு தொழிற்சங்கத் தோழர் வந்து சட்டப்படி எப்படி ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். கொடுத்தோம். பதில் வரவில்லை. கெடு முடிந்த காலையில், டிபன் வேளைக்கு முன்பு, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து கேட்டுக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

மலைக்காரர்கள் வீட்டிலிருந்து சாமை கொண்டுவந்தார்கள். நம் சமையல்காரர்களே கஞ்சி காய்ச்சினார்கள். சேகர் அதுவரை சாமை தின்றதில்லை. முதல் வாயை விழுங்க முடியாமல் விழித்தான். பச்சையம்மா ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயை அவன் தட்டில் போட்டு, "முழுங்குங்க தம்பி, தொண்டைக்குப் பழகிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரே பானை, ஒரே நேரம். முதலில் யார், பிறகு யார் என்ற பேச்சே எழவில்லை. ஒரே ஹோட்டலில் அத்தனை வருடம் வேலை செய்திருக்கிறோம், அன்றைக்குத்தான் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. 

பிறகு காத்திருப்பு. நிரந்தரக்காரர்களின் வீடுகளுக்கு ஹோட்டலிலிருந்து போன் போனது. திரும்பி வந்தால் ஒன்றும் கேட்கமாட்டோம் என்றார்கள். சிலர் போனார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் நுழைகிறவனைப் பார்த்து நம்மவர்கள் ஏதோ கத்த ஆரம்பித்தார்கள். பச்சையம்மா எழுந்துவிட்டார்.

"திட்டாதீங்க. இன்னைக்குத் திட்டினா நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவன் திரும்பி வருவான்?"

உண்மைதான். அப்படிப் போனவர்களில் ஒருவன் இரண்டொரு நாளில் பின்புற வேலியைத் தாண்டி வந்து எங்களோடு உட்கார்ந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு ஒன்றைக் கழுவிக் கொடுத்தோம்.

அந்த நாட்களில் நானும் பச்சையம்மாவும் நிறையப் பேசினோம். அவர் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டே சென்னை ஹோட்டல்களைப் பற்றிக் கேட்பார். லிப்ட்டில் துணி எடுத்துப் போவார்களா, கடலோரத்தில் துணி காயுமா, விருந்தாளிகள் கையைத் துணியில் துடைத்துப் பாழாக்குவது அங்கேயும் உண்டா என்று. நான் சொல்வேன். அவர் புளி உலுக்குவதைப் பற்றியும், ஒரு மழையில் ஜீப்புகள் நின்றுபோய் ஊரே நடந்ததைப் பற்றியும் சொல்வார். மனைவி போன பிறகு வேலை சம்பந்தமில்லாத பேச்சு என்று ஒன்றை நான் யாரோடும் பேசியதில்லை. காலையில் எழுந்ததும் மரத்தடிக்குப் போக வேண்டும் என்று இருந்தது எனக்கு. வேலை இல்லை, எதிர்காலம் என்னவென்று தெரியவில்லை. ஆனாலும் ஜல்தியாகக் கிளம்புவேன்.

ஒரு பிற்பகல், காட்டேஜ்களுக்குப் பின்னாலிருந்த சரிவில் புகை தெரிந்தது. கோடையில் காய்ந்த புல் எங்கிருந்தோ பற்றிக்கொண்டுவிட்டது. காற்று ஹோட்டல் பக்கமாக அடித்தது. உள்ளே சில விருந்தினர்கள் இருந்தார்கள். மேனேஜரும் இரண்டு செக்யூரிட்டிகளும் தோட்டத்து டியூபை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். டியூப் பாதி தூரம்தான் எட்டியது.

எங்களில் ஒருவன், "எரியட்டும். நம்மளத்தான் ஆளே இல்லன்னாங்களே" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பலருடைய மனதில் ஓடியதைத்தான் சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் பச்சையம்மாவைப் பார்த்தேன்.

அவர் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இருக்கறவங்க நமக்கு இன்னா பண்ணாங்க? அதும் இல்லாம அது நம்ம காடு. மேல ஏறுச்சின்னா ஊருக்குப் போய்டும்" என்றார். உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கேட்டு வழியா யாரும் போவாதீங்க. சுத்திக்கினு பின்னால போலாம்" என்றார்.

சுற்றிக்கொண்டு ஓடினோம். மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பச்சைத் தழைகளை ஒடித்து எங்கள் கையில் கொடுத்தார்கள். தீக்கு முன்னால் போய்ப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கினார்கள். நாங்கள் அடித்தோம். புகையில் யார் மலைக்காரர், யார் கீழ்நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. இருமிக்கொண்டும் அடித்துக்கொண்டும் நகர்ந்தோம். பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது. கடைசிக் காட்டேஜின் பின்சுவர் மட்டும் கறுத்திருந்தது.

பின்வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். சட்டை முழுக்கக் கரி, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புகையாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள வாங்க எல்லாரும். குளிங்க, சாப்பிடுங்க. ப்ளீஸ், வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எங்கள் கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பின. என் கால்களும்தான். வெந்நீர் குளியல், சோறு, மின்விசிறி. சேகர் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டான். அந்த இடத்தில் முடிவெடுக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம்தான். பச்சையம்மா முன்னால் வந்தார். குரலில் சண்டையே இல்லை.

"தண்ணி மட்டும் இங்க கொண்டாங்க சார், குடிக்கிறோம். சாப்பாடு எங்களுக்கு வெளிய இருக்குதுங்க."

குடித்தோம். அவருக்கு நன்றி சொன்னோம். சுற்றிக்கொண்டு வந்து மரத்தடியில் மறுபடி உட்கார்ந்தோம்.

பிறகு இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று உள்ளே போயிருந்தால் உதவி செய்தவர்களாகப் போயிருப்போம். உதவி செய்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, நன்றி சொல்லி, அனுப்பிவிடலாம். நாங்கள் வேலைக்காரர்களாக உள்ளே போக வேண்டியிருந்தது. தீயை அணைத்ததும் சரி, உள்ளே போகாததும் சரி. ஒரே பிற்பகலில் இரண்டையும் சரியாகச் செய்வதற்கு ஒரு தெளிவு வேண்டும். அது எனக்கு இருக்கவில்லை. அவருக்கு இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தோம். தயங்கித் தயங்கி, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார். சமையல்காரர்கள் எல்லாரும் எங்களோடு இருந்ததால், கீழேயிருந்து வரவழைத்த சாப்பாட்டை விருந்தினர்களுக்குக் கொடுத்துவிட்டு மனிதர் பல நாட்களாக பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். பச்சையம்மா அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார். அவர் தரையில் உட்கார்ந்து குடித்தார். அன்று மாலையே முதலாளியிடம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று தெரியாது. வேலூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

போனோம். நான், பச்சையம்மா, சேகர், அந்தத் தோழர். எதிரில் முதலாளியின் வக்கீல். பொழுது பூராவும் இழுத்தது. கடைசியில் நாங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். சலவையும் அறையும் தோட்டமும் ஹோட்டல் ஆட்கள். மல்லிகாவுக்கு வைத்தியம், வேலை. புது மெஷின். வாரவிடுமுறை. சேகர் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

பிறகு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். பச்சையம்மாவும் ஹோட்டல் ஆள்தான். ஆனால் அவருக்கு முதலாளியின் கடற்கரை ஹோட்டலுக்கு மாற்றல். நிரந்தர ஊழியர் என்றால் மாற்றலும் உண்டுதானே என்றார்.

வெளியே வந்து டீக்கடை ஓரமாக நின்றோம். "அப்டின்னா யாரும் உள்ள போவேணாம். மறுபடியும் உக்காரலாம்" என்றான் சேகர். ஒரு காலத்தில் எனக்கென்ன என்று கேட்டவன். பச்சையம்மா தோழரிடம், "முடியாதுன்னு சொன்னா இன்னாங்க ஆவும்?" என்று கேட்டார்.

"உங்கள வேலையிலேர்ந்து எடுப்பாங்க. கேஸ் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும். மத்த ஒப்பந்தமும் தள்ளிப் போகும்" என்றார் தோழர்.

பச்சையம்மா என் பக்கம் திரும்பினார். "கேப்டன் இன்னா சொல்றீங்க?"

என் வேலை வாழ்க்கையில் அதைவிடக் கடினமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. விடக் கூடாது, போராடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நியாயமும் அதன் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்குள் என் ஆசையும் ஒளிந்திருந்தது. காலையில் எழுந்தால் அவர் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை. மல்லிகாவின் கை, தோட்டத்து ஆட்கள், கஞ்சியே சாப்பாடாகிப்போன குடும்பங்கள், எல்லாவற்றையும் மறுபடி மரத்தடியில் உட்காரவைக்க அந்த ஆசைக்கு உரிமை கிடையாது. எது பொதுவானது, எது என்னுடையது என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டீ ஆறிவிட்டது.

"முடிவு உன்னுதுதான் பச்சையம்மா" என்றேன். "நீ போராடலாம்னு சொன்னா நாங்க எல்லாரும் கூட இருப்போம். ஆனா கேட்டதெல்லாம் வந்துடுச்சு. அதையும் சொல்லணும்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவும் அவருக்கும் புரிந்தது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

"வேல போவலியே. ஊருதான போவுது" என்றார். "வாங்க, கையெழுத்துப் போட்லாம்."

நீங்கள் ஒருநாள் மற்றவர்களுக்காக முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வருவீர்கள். பயத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆசை அப்படியல்ல. அது நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

நாங்கள் வாங்கிய வாரவிடுமுறையில் எனக்குக் கிடைத்த முதல் நாளில்தான் அவரை வேலூர் பஸ் நிலையத்தில் வண்டி ஏற்றிவிட்டேன். ஒரு துணிப்பை, ஒரு குடம் அளவுக்குப் புளி, அவ்வளவுதான் சாமான். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

"கடலு எப்டிங்க இருக்கும் கேப்டன்?"

"பெருசா இருக்கும்."

"நம்ம மலை மாரியா?"

"அவ்ளோதான். ஆனா படுத்துக்கினு இருக்கும்."

சிரித்தார். "படுத்துக்கினு இருந்தா நல்லதுதான். ஏறி எறங்கற வேல இல்ல." பிறகு சிரிப்பு போய்விட்டது. "மல்லிகாவ பாத்துக்கோங்க. நீங்களும் நேரத்துக்குச் சாப்புடுங்க." வண்டி கிளம்பிவிட்டது. நான் சொல்ல வைத்திருந்தது ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

முதலில் அடிக்கடி போன் செய்வார். உப்புக் காற்றில் துணி காய்ந்தும் காயாத மாதிரி இருக்கிறது என்பார். அங்கேயும் ஆட்கள் காண்ட்ராக்ட்தான், மெதுவாகப் பேச ஆரம்பித்திருக்கிறேன் என்பார். ஒருமுறை அலைச் சத்தத்தைக் கேட்கவைக்கப் போனைக் கடல் பக்கம் நீட்டினார். எனக்குக் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. கேட்கிறது என்று சொன்னேன். பிறகு போன் குறைந்தது. ஒருநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. கடலோர ஹோட்டலும் கைமாறிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை தேடிப் போகலாம் என்று கிளம்பி வேலூர்வரை போனேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அங்கே ஒரு வாழ்க்கை அமைந்திருந்தால் நான் யார் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது?

இப்போது வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது. மகள் ஆரணியிலிருந்து வந்து போகிறாள். மத்தியானம் மட்டும்தான் ஓட்டுவது கஷ்டம். உங்களுக்கு ஷிப்ட் மாறுகிற நேரம் அது. காலை ஆட்கள் கிளம்ப, மதிய ஆட்கள் வந்து சேர, ஹோட்டலில் பேச்சும் சிரிப்பும் ஓங்கி இருக்கும். என் வீட்டில் அந்த நேரத்தில் எதுவும் மாறுவதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கலசப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறேன். மலைக்குப் போகிறவர்கள் போளூர் வண்டிக்காக நின்றிருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். 'இன்னா', 'போய்க்கினு' என்று அந்தப் பக்கத்துப் பெண்குரல் ஏதாவது கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். வண்டி வரும். எல்லாரும் ஏறுவார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரே, வர்றீங்களா?" என்று தினமும் கேட்கிறார்.

தினமும், "அடுத்த வண்டிங்க" என்று சொல்கிறேன்.